அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: குமரி மாவட்டத்தில் யாருக்குப் பொருந்தும், எங்கே சிக்கும்

பணி ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் நம்மூரில் முதலில் காதில் விழுவது சிட்டியும் (சீட்டு) இரண்டு ரூபாய் வட்டியும்தான். அறுபது வயதுக்கு மேல் முதல் போனால் திரும்பச் சம்பாதிக்க முடியாது. அதனால் அஞ்சலகத்தின் இந்தத் திட்டத்தையே முதலில் பார்க்கச் சொல்வோம். குறைகளும் உண்டு.

வட்டி ஆண்டுக்கு 8.2%. 2023 ஏப்ரலில் நிர்ணயித்த விகிதம் இது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விகிதத்தை மாற்றலாம் என்றாலும், போட்ட அன்று இருந்ததே உங்கள் கணக்குக்கு ஐந்து ஆண்டும் நிற்கும். லட்சத்துக்குக் காலாண்டில் 2,050 ரூபாய். உச்ச வரம்பான 30 லட்சம் போட்டால் 61,500. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் வரவாகும். இலையுதிர்வில் பால்வெட்டு நின்றுபோகும் ரப்பர் வீடுகளுக்கு ஏப்ரல் வரவு நன்றாகவே கைகொடுக்கும். வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது. ஆகவே கணக்கு தொடங்கும்போதே சேமிப்புக் கணக்குக்குத் தானாக வரவு வைக்க எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நாகர்கோவில், தக்கலை தலைமை அஞ்சலகங்களுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கத்துத் துணை அஞ்சலகமே போதும். ஆதார், பான், புகைப்படம், விண்ணப்பம் வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் காசோலைதான். காசோலை பணமான தேதியே கணக்குத் தேதி. வட்டியும் அன்று முதல்தான்.

அதிகம் சறுக்கும் இடம் வயது. பொதுவாக 60 முடிந்தவர்களுக்கான திட்டம் இது. முந்திரி ஆலையிலோ தனியார் நிறுவனத்திலோ 58-ல் ஓய்வு பெறுபவர், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் சான்றுடன் போட வேண்டும். பெற்ற தொகைக்கு மேல் போட முடியாது. கெடு தவறினால் 60 முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வெளிநாடு வாழ் இந்தியர் என்ற நிலையில் இருக்கும்வரை வளைகுடாவில் உள்ளவர் தம் பெயரில் தொடங்க முடியாது. ஊரில் இருக்கும் பெற்றோர் பெயரில் மகன் பணம் கொடுத்துத் தொடங்கத் தடையில்லை.

அடுத்த சிக்கல், நடுவில் பணம் தேவைப்படுவது. கணக்கிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுக்க வழியில்லை. அதை அடகு வைத்துக் கடனும் வாங்க முடியாது. ஓராண்டுக்குள் மூடினால் வட்டியே இல்லை, கொடுத்ததையும் அசலிலிருந்து கழித்துக்கொள்வார்கள். இரண்டாண்டுக்குள் என்றால் அசலில் 1.5%, அதன்பின் 1% பிடித்தம். எனவே 15 லட்சத்தை ஒரே கணக்கில் போடாதீர்கள். ஐந்து ஐந்தாக மூன்று கணக்கு தொடங்குங்கள். ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒன்றை மட்டும் மூடினால் போதும். இரண்டாம் ஆண்டில் என்றாலும் இழப்பு 7,500 ரூபாயோடு நிற்கும். 15 லட்சமும் ஒரே கணக்கில் இருந்தால் 22,500 போயிருக்கும்.

கூட்டுக் கணக்கு கணவன் மனைவிக்கு மட்டும். பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. தொகை முழுக்க முதல் பெயருக்கே கணக்காகும். இருவருக்கும் 60 ஆகியிருந்தால் தனித்தனியாகத் தொடங்கி ஆளுக்கு 30 லட்சம் வரை போடலாம். நியமனதாரர் பெயரை எழுதாமல் திரும்பாதீர்கள். வைப்பாளர் இறந்து கணக்கை மூடுவதென்றால், இறந்த நாளிலிருந்து சாதாரண சேமிப்பு வட்டிதான். அதனால் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

60 ஆனவர்களுக்கு ஆண்டு வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால் வரி பிடிப்பார்கள். 12 லட்சத்துக்கு வட்டி 98,400, அதுவரை கவலையில்லை. அதற்கு மேல் போட்டு, வரி கட்டும் அளவு வருமானம் இல்லாதவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் வரி பிடிக்க வேண்டாம் என்று உறுதி கூறும் படிவம் (15எச் என்று பலரும் சொல்வது) கொடுங்கள். ஒருமுறை கொடுத்தது மறு ஆண்டுக்குச் செல்லாது.

எங்களுக்குப் பெரிய குறையாகத் தெரிவது, வரவு கொஞ்சமும் கூடுவதில்லை என்பது. மருந்து விலை ஏறினாலும் ஐந்தாம் ஆண்டிலும் அதே 2,050தான். ஓய்வுப் பணம் முழுவதையும் இதில் முடக்காமல், ஆறு மாதச் செலவுக்கானதை வங்கியில் கைக்கெட்டும்படி வையுங்கள். மாதாமாதம் பணம் வேண்டுமென்றால் அஞ்சலக மாத வருமானத் திட்டம் இருக்கிறது, ஆனால் வட்டி 7.4%தான்.

ஐந்தாண்டு முடிந்ததும் கணக்கு தானாக நீளாது. மேலும் மூன்றாண்டு நீட்டிக்க ஓராண்டுக்குள் படிவம் கொடுக்க வேண்டும். வட்டி முதிர்வு நாளில் உள்ள விகிதப்படி இருக்கும். முதிர்வுத் தேதியை பாஸ்புக்கின் மேலட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.