இயேசுவின் காலத்துத் தேசப்படம்: மறைக்கல்வி வகுப்புக்கு வாங்கலாமா?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குக் கிட்ட, மெழுகுதிரியும் செபமாலையும் விற்கும் ஒரு சின்னக் கடையில் இந்தத் தேசப்படத்தை வாங்கினேன். மூன்றடி உயரம், இரண்டடி அகலம். எழுத்தெல்லாம் தமிழ். லமினேட் செய்து, மாட்டுவதற்கு மேலே இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். விலை 2,400 ரூபாய். கொட்டாஞ்சேனையில் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். தவக்காலம் முழுக்க இதைச் சுவரில் மாட்டி வைத்துத்தான் படிப்பித்தேன்.

நிறம் பிரித்திருக்கும் விதம்தான் இதன் பெரிய பலம். வழக்கமான படங்களில் நாடு முழுவதும் ஒரே மஞ்சளாக இருக்கும், ஊர்ப் பெயர்கள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதில் யார் எந்தப் பகுதியை ஆண்டார்கள் என்பது தெரிகிறது. கலிலேயாவும் யோர்தானுக்குக் கிழக்கே இருந்த பெரேயாவும் ஏரோது அந்திப்பாவுடையவை, பச்சை நிறம். கலிலேய ஏரிக்கு வடகிழக்கே அவனுடைய சகோதரன் பிலிப்பின் பகுதி, ஊதா. யூதேயாவும் சமாரியாவும் உரோமை ஆளுநர் பிலாத்துவின் கையில், மண்ணிறம். பிலாத்து பதவியில் இருந்த 26 முதல் 36 வரையான ஆண்டுகளையும் ஓரத்தில் போட்டிருக்கிறார்கள்.

நற்செய்தியில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடங்கள் இந்த நிறங்களால் விளங்குகின்றன. கப்பர்நாகும் பச்சைக்குள் இருக்கிறது. ஆனால் சில கிலோமீட்டர் தள்ளி, யோர்தான் ஏரியில் விழுகிற இடத்திலேயே ஊதா தொடங்கிவிடுகிறது. எல்லையோர ஊரில் சுங்கச்சாவடி இருப்பதில் என்ன ஆச்சரியம்? அங்கே உட்கார்ந்திருந்த லேவியைத்தான் இயேசு கூப்பிட்டார்.

அப்புறம் திருமுழுக்கு யோவான். அந்திப்பா அவரைக் கொன்றது சாக்கடலுக்குக் கிழக்கே இருந்த மக்கேருஸ் கோட்டையில் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். அந்தக் கோட்டையும் படத்தில் பச்சைக்குள் இருக்கிறது. செய்தி கேட்டதும் இயேசு படகேறித் தனிமையான இடத்துக்குப் போனார் என்கிறார் மத்தேயு. லூக்கா அந்தப் பக்கத்து ஊரின் பெயரையும் சொல்கிறார்: பெத்சாயிதா. அது ஊதாவில் இருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை அதில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப ஏரோதுட இடத்த விட்டு வெளிய போயிட்டார், என்ன டீச்சர்?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, அதையும் அவளுக்குச் சொன்னேன். ஆனால் உறவினரைப் பறிகொடுத்த துயரத்தோடு தனிமை தேடிப் போன மனிதர், பின்னாலேயே வந்த கூட்டத்தைத் திருப்பி அனுப்பாமல், நோயாளிகளைக் குணமாக்கி, 5,000 ஆண்களுக்கும் கூட வந்த பெண்கள் பிள்ளைகளுக்கும் அப்பம் கொடுத்தார். அப்பம் பலுகின அந்தப் பகுதியை எத்தனையோ தடவை கேட்ட பிள்ளைகள், அன்று அவருடைய துயரத்தையும் சேர்த்துக் கேட்டார்கள். எனக்கு அந்த ஒரு வகுப்புக்கே கொடுத்த காசு சரி.

பெரிய வெள்ளிப் பாடமும் இப்படித்தான். இயேசு கலிலேயர் என்று தெரிந்ததும் பிலாத்து ஏன் அவரை ஏரோதிடம் அனுப்பினான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பச்சையைக் காட்டினால் போதும்.

அளவுகோலும் சரியாக இருக்கிறது. கலிலேயக் கடல் என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் நம் காலிமுகத்திடலுக்கு முன்னால் இருக்கிற கடலைத்தான் நினைக்கிறார்கள். அது 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் உள்ள ஏரி. கொழும்புக் கோட்டையிலிருந்து ஜா-எல வரைக்கும் போனால் அதன் நீளம் முடிந்தது. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது, அதனால் காற்று திடீரென்று இறங்கி அடிக்கும். அவருடைய பணியில் பெரும்பகுதி இந்த ஏரியைச் சுற்றியே நடந்தது. அடியில் உயரங்களைக் காட்டும் ஒரு பட்டையும் உண்டு. 750 மீட்டர் உயரத்து எருசலேமிலிருந்து கடல் மட்டத்துக்கு 250 மீட்டர் கீழே உள்ள எரிகோவுக்குப் பாதை எப்படி இறங்குகிறது என்று அதில் பார்க்கலாம். நல்ல சமாரியன் உவமை நடக்கும் பாதை அதுதான்.

இனிக் குறை. இயேசு நடந்த வழி என்று ஒரே ஒரு சிவப்புக் கோட்டைத் தொடக்கம் முதல் கடைசி வரை இழுத்திருக்கிறார்கள். நான்கு நற்செய்திகளும் அப்படி ஒரே வழியைத் தரவில்லை. நற்செய்தியாளர் யோவான், வருடத்துக்கு ஒருமுறை வரும் பாஸ்கா விழா மூன்றைச் சொல்கிறார், பணிக்காலம் ஏறக்குறைய மூன்று வருடம் என்று நாம் சொல்வது அதை வைத்துத்தான். மற்ற மூவரும் பணிக்காலத்தில் ஒரு பாஸ்காவைத்தான் சொல்கிறார்கள். ஆலயத்தில் வியாபாரிகளை விரட்டியதை யோவான் தொடக்கத்தில் வைக்கிறார், மற்றவர்கள் கடைசி வாரத்தில் வைக்கிறார்கள். படமோ ஒரு சொல்லும் சொல்லாமல் கடைசி வாரத்தில் மட்டும் குறித்துவிட்டது. உயிர்த்த இயேசு இரண்டு சீடர்களோடு நடந்து போன எம்மாவுக்கும் அதே கதைதான். எருசலேமிலிருந்து அறுபது ஸ்தாதியம், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் என்று லூக்கா சொன்னாலும், அந்த ஊர் எங்களுடையது என்று உரிமை கோரும் இடங்கள் பல. இங்கே ஒரு புள்ளி, சந்தேகக் குறிகூடக் கிடையாது. பிள்ளைகள் சுவரில் இருப்பதை அப்படியே நம்புவார்கள். நற்செய்தியாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் விதத்தில் சாட்சி சொன்னது நமக்குக் கிடைத்த செல்வம், அதை ஒரு கோட்டுக்குள் அடைத்துவிடக் கூடாது.

மூலையில் உள்ள எருசலேம் நகரப் படம் நல்லது. இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவை அக்காலத்து மதிலுக்கு வெளியே சரியாகக் காட்டுகிறது. எழுத்துதான் மிகச் சிறியது, பின்வாங்கில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் நிறையப் பயன் உண்டு. வகுப்புக்கு வாங்கும் ஆசிரியர்கள் மாட்டும் முன்னரே அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசிவிடுங்கள். சுருட்டிக் குழாயில் தரச் சொல்லிக் கேளுங்கள், மடித்தால் லமினேட் வெடித்துவிடும். அடுத்த பதிப்பில் கோட்டை எடுத்து, நகரப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால், மற்ற வகுப்புக்கும் ஒன்று நானே வாங்கிக் கொடுப்பேன்.