குடும்பப் பெயர்ச் சுருள்: வாங்கும் முன் ஒரு நிமிடம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் போன மாதம் ஓய்வு பெற்றார். குடும்பப் பெயர் கர்பி. அவருக்குப் பரிசாக, யார்க் போயிருந்தபோது ஒரு நினைவுப் பொருள் கடையில் 'பெயர் வரலாறு' அச்சடித்த சுருள் வாங்கினேன். 18 பவுண்டு. தாள் நல்ல கனம், எழுத்தும் அழகு. ஆனால் விஷயம் ரொம்ப மெலிவு.

"கர்பி என்றால் தேவாலய ஊர்." வரலாறு என்று இருந்தது இந்த ஒரு வரிதான். தவறில்லை. வடக்கிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் 'கிர்க்யா' தேவாலயம், 'பி' ஊர் அல்லது பண்ணை. டார்பி, கிரிம்ஸ்பி, விட்பி எல்லாவற்றிலும் இருப்பது அந்த 'பி'தான். ஆனால் கர்பி, கிர்க்பி என்ற பெயரில் இங்கிலாந்தில் பல ஊர்கள் இருக்கின்றன. இவர் எந்த ஊர்?

அக்காவின் முன்னோர் லெஸ்டர் பக்கத்துக்காரர்கள். நகருக்கு மேற்கே கர்பி மக்ஸ்லோ இருக்கிறது. 1086-இல் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே பதிவேட்டில் அது 'கார்பி'. கேரிர் என்பவரின் பண்ணை என்று பொருள். தேவாலயத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை! பின்னால் ஒட்டிய மக்ஸ்லோ, பிற்காலத்தில் அங்கிருந்த ஒரு குடும்பத்தின் பெயர். ஊர்ப் பெயர் ஆளுக்குப் போவதைத்தான் நாம் கேள்விப்படுகிறோம். இங்கே ஆளின் பெயர் ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அதற்காக அக்கா கேரிரின் ஊர்தான் என்றும் சொல்லிவிட முடியாது. கர்பியிலேயே இருந்தவரைக் கர்பிக்காரர் என்று யார் கூப்பிடப் போகிறார்கள்? பெரும்பாலும் ஊரை விட்டு வேறு இடம் போனவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டியது. எங்கிருந்து வந்தார் என்பதைப் பழைய பதிவுகளில்தான் தேட வேண்டும்.

சுருளின் உச்சியில் 'கர்பி குடும்பச் சின்னம்' வேறு. இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு தனி ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது, பெயர் ஒன்றாக இருப்பவர்கள் எல்லோருக்கும் அல்ல. கேடயச் சின்னங்களை வழங்கிப் பதிவு செய்யும், 1484-இல் தொடங்கிய லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸின் விதி அது.

சரி, வேறு வழி? நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக ஊர்ப்பெயர் வரைபடம் வைத்திருக்கிறது. ஊரைத் தொட்டால் பொருளும், பெயரின் ஒவ்வொரு துண்டும் எந்த மொழி என்பதும் வரும். எனக்குப் பத்து நிமிடம் போதும் என்று நினைத்தேன், இரவு பன்னிரண்டு ஆகிவிட்டது.

சுருளைக் கொடுக்க மனம் வரவில்லை. கர்பி ஊர்களையெல்லாம் குறித்த வரைபடம் ஒன்றை அச்செடுத்துக் கொடுத்தேன். அக்கா இப்போது தாத்தாவின் அப்பாவைத் தேடித் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.