மூணு கோடை ஓட்டின டிரம் சொட்டுநீர்: மச்சான் கேட்டதுக்கு என் பதில்

போன வாரம் திருப்பூர்ல இருந்து மச்சான் போன் பண்ணினான். புது வீடு கட்டி முடிச்சாச்சு, மொட்டைமாடி சும்மா கெடக்குது, "மாமா, உங்க மாடில இருக்கற மாதிரியே எனக்கும் ஒரு டிரம் சொட்டுநீர் போட்டுக் குடுங்க, எவ்வளவு ஆகும்"னு கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்ல. அன்னிக்குக் காலைலதான் மூணு மொளகாச் செடிய வேரோட புடுங்கி ஓரமா வெச்சிட்டு வந்திருந்தேன், மூணும் பூ விட்டு பிஞ்சு புடிச்ச செடி. அதனால போன்ல சரியா பேச முடியல, எழுதி அனுப்பறேன்டானு சொல்லிட்டேன். எழுத ஆரம்பிச்சா பெருசா போகுது, வேற யாருக்காவது உபயோகமா இருக்கட்டும்னு இங்கயே போடறேன்.

சுருக்கமா சொன்னா, உயரத்துல வெச்ச டிரம்ல இருந்து பைப்ல தண்ணி போய், ஒவ்வொரு செடிப் பைலயும் ட்ரிப்பர்ங்கற குட்டி மூக்கு வழியா சொட்டும். என்னோடது 200 லிட்டர் நீல டிரம், பழசு, 1,100 ரூபா. ஹாலோ பிளாக் நாலு வரிசை அடுக்கி அதுமேல வெச்சிருக்கேன். செடி வரிசையோட ஓடற 16 எம்எம் லேட்டரல் பைப்புக்கு காசே இல்ல, பொள்ளாச்சில மாமனார் தோப்புல தென்னைக்கு சொட்டுநீர் போட்டப்ப மிச்சமான சுருள் ஒன்னு கொட்டகைல கெடந்துச்சு. (சிறு குறு விவசாயிக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம்னு சொட்டுநீருக்கு அரசாங்க மானியம் குடுக்கறாங்க, அதனால தோப்பு வெச்சிருக்கற சொந்தக்காரங்க யார் வீட்டுலயும் இந்த மாதிரி துண்டு பைப் கெடக்கும், கேட்டா குடுத்துருவாங்க.) ட்ரிப்பர், பைப்ல இருந்து பைக்குப் போற 4 எம்எம் டியூப், ஒரு சின்ன ஸ்கிரீன் (சல்லடை) பில்டர், நேரத்துக்கு தண்ணிய திறந்து மூடற டைமர் இதுதான் கடைல வாங்கினது. மொத்தம் 34 பை, அதுல கத்திரி, தக்காளி, மொளகா, வெண்டை, புதினா, ரெண்டு கறிவேப்பிலை. மூணு கோடை ஆச்சு.

ஓவர்ஹெட் டேங்க்ல இருந்தே நேரா எடுத்திருக்கலாமேன்னு எல்லாரும் கேப்பாங்க. முதல் மாசம் அப்படித்தான் எடுத்தேன். ஒரு நாள் ராத்திரி அணில் பைப்ப கடிச்சிருச்சோ என்னவோ, காலைல எந்திரிச்சுப் பாத்தா டேங்க் காலி, பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி இல்ல. டிரம்னா போனா 200 லிட்டரோட போச்சு. அந்த ஒரு காரணத்துக்காகவே டிரம் சரின்னு இப்பவும் சொல்வேன்.

ஆனா டிரம் வெச்சா பிரஷர் கிடையாது, அத யாரும் கடைல சொல்றதில்ல. ட்ரிப்பர் மேல மணிக்கு 4 லிட்டர்னு போட்டிருக்கும், அது ஒரு பார் அழுத்தத்துக்கு, அதாவது தண்ணி 33 அடி உயரத்துல இருந்து வந்தா. நம்ம டிரம் நிறைய இருந்தாலே செடிக்கும் தண்ணி மட்டத்துக்கும் அஞ்சடிதான் இருக்குது. நான் பாட்டில் வெச்சு அளந்து பாத்தேன், 20 நிமிஷத்துக்கு அரை லிட்டர், அதாவது மணிக்கு ஒன்றரை லிட்டர்தான். டிரம் அடிக்குப் போகப் போக ஒரு லிட்டர்தான் வரும். இது தெரியாம பிரஷர் காம்பன்சேட்டிங்னு (அழுத்தம் கூடினாலும் கொறைஞ்சாலும் ஒரே அளவு விடறது) விலை கூடின ட்ரிப்பர் பத்து வாங்கினேன், நல்லதா இருக்கும்னு. அதுக்கு அரை பாராவது வேணும், டிரம்முக்கு அது வேலைக்கே ஆகல. அதே மாதிரி டைமர்லயும் ஏமாந்தேன். முதல்ல வாங்கினது சோலினாய்ட் வால்வு (கரண்ட் காந்தத்துல திறக்கறது) இருக்கறது, தண்ணி அழுத்தம் இருந்தாத்தான் அது திறக்கும், டிரம்ல மாட்டினா டிக்குனு சத்தம் மட்டும் வரும் தண்ணி வராது. 1,400 ரூபா பொட்டிக்குள்ள கெடக்குது. அப்புறம் பால் வால்வு டைமர் வாங்கினேன், உள்ள குட்டி மோட்டார் வால்வைத் திருப்பும், அழுத்தமே இல்லாட்டியும் வேலை செய்யும். யாராச்சும் டிரம்முக்கு டைமர் வாங்கினா தயவுசெஞ்சு இத கேட்டு வாங்குங்க. இது வாங்கி ரெண்டரை வருஷம் ஆச்சு, பேட்டரி மாத்தறதத் தவிர ஒரு செலவு வெக்கல.

வாட்டம் இன்னொன்னு. மழைத்தண்ணி ஓடறதுக்கு மாடிக்கு வாட்டம் குடுத்திருப்பாங்கல்ல, எங்க மாடில ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் நாலு இஞ்ச் வித்தியாசம். தோட்டத்துல மோட்டார் வெச்சு ஓட்டறவங்களுக்கு நாலு இஞ்ச் ஒரு விஷயமே இல்ல. மூணு நாலு அடி அழுத்தத்துல ஓட்டறவனுக்கு அது பெரிய விஷயம், பள்ளத்துல இருக்கற புதினா ஊறிக் கெடக்கும், மேட்டுல இருக்கற மொளகா காயும். பை அடில செங்கல் துண்டு வெச்சு வெச்சு சமம் பண்ணினேன்.

இதெல்லாம் ஒரு தடவ பண்ணினா முடிஞ்சு போற வேலை. எனக்கு கோவம் அதுல இல்ல. மூணு வருஷமா விடாம படுத்தறது உப்பு.

எங்க போர் தண்ணி அப்படி. குழாய்ல வர்ற சிறுவாணி ஆத்துத் தண்ணி குடிக்கறதுக்கும் சமையலுக்கும் சரியா இருக்கும், அத செடிக்கு ஊத்த மனசு வராது, தெருவுல வர்ற அளவும் அப்படித்தான். அதனால செடிக்கு போர் தண்ணிதான். வாட்டர் ஹீட்டர் கம்பில, குழாய் வாய்ல வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படியுதே, அதேதான் ட்ரிப்பர் உள்ளயும் படியுது. தண்ணி நின்னதும் ட்ரிப்பர் வாய்ல ஒரு சொட்டு தங்கும், வெயில்ல அது காயும், தண்ணி ஆவியாப் போகும் உப்பு மட்டும் இருக்கும். நாளைக்கு ரெண்டு தடவ ஓட்டினா ரெண்டு தடவ படியும். பில்டர் போட்டா சரியாயிரும்னு கடைக்காரர் சொன்னாரு, பில்டர் மண்ணையும் பாசியையும் புடிக்கும், தண்ணில கரைஞ்சிருக்கற உப்ப எந்த சல்லடையும் புடிக்காது. தோப்புல இதே மாதிரி உப்புத் தண்ணில வருஷக்கணக்கா ஓடுதேன்னு மாமனார்கிட்ட கேட்டேன். "அங்க மோட்டார் தள்ளுதுங்க மாப்ள, அதுக்கும் மேல வருஷத்துக்கு ஒருக்கா ஆசிட் விட்டு கழுவறோம்"னாரு. அழுத்தம் இருந்தா லேசா படிஞ்சதைத் தள்ளிட்டு வந்துரும், நம்ம டிரம்முக்கு அந்த சக்தி கிடையாது.

அடைச்ச ட்ரிப்பர் ஒன்ன கத்தி நுனி விட்டு திறந்து பாருங்க. உள்ள தண்ணி சுத்திச் சுத்தி வர்ற வழி ஒன்னு இருக்கும், நூல் போற அகலம்தான், அதுல பல்பொடி ஈரமாகி காஞ்ச மாதிரி வெள்ளையா கெட்டியா அப்பிக் கெடக்கும், நகத்துல சுரண்டினா வராது. சிலதுல எறும்பு செத்துக் கெடக்கும், தண்ணி தேடி உள்ள போனது. இதுல மோசம் என்னன்னா முழுசா அடைக்கறது இல்ல, பாதி அடைக்கறதுதான். முழுசா அடைச்சா பை காஞ்சு தெரிஞ்சிரும். பாதி அடைச்சா மேல ஈரமாத்தான் தெரியும், நாமளும் சரின்னு போயிருவோம், தேங்காநார் கழிவுல வெச்ச செடின்னா இன்னும் ஏமாத்தும், அது ஒரு தடவ நல்லா காஞ்சு போச்சுன்னா அப்புறம் தண்ணிய உள்ள வாங்காது, ஓரமா வழிஞ்சு அடில வந்துரும். பைக்கு அடில ஈரம் இருக்குது, நடுவுல வேர் காஞ்சு போயிருக்குது. அந்த மூணு மொளகாயும் அப்படித்தான் போச்சு. வெரல விட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். சொட்டுநீர் இருக்குதுன்னு நம்பி நாலு நாள் கை வெக்கல.

கழுவறதுக்கு நான் பண்றது: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணில ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடைல கெடைக்கும், அதுல ட்ரிப்பர திறந்து ராத்திரி பூரா ஊறப் போடணும். போட்டதுமே நுரைக்கும், காலைல பழைய பிரஷ்ல தேய்ச்சா சுத்தமாயிரும். வினிகரும் வேலை செய்யும் ஆனா செலவு ஜாஸ்தி. தோப்புல விடற ஆசிட் மாடிக்கு வேண்டாம், பயம். பாசிக்காக டிரம்ல பிளீச்சிங் பவுடர் போடறவங்க இருக்காங்க, அது இருக்கற தண்ணில எந்த ஆசிட்டையும் கலந்துறாதீங்க, குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும். பாசிக்கு வெயில் படாம மூடறதுதான் வழி. வெள்ளை டியூப் வாங்கினவங்க கருப்பு மாத்துங்க, டிரம் மேல பழைய சாக்கு சுத்துங்க, எனக்கு அதோட பாசித் தொல்லை போச்சு. வாங்கறப்பவே திறந்து மூடற ட்ரிப்பரா வாங்குங்க, ஒட்டி வர்றத வாங்கினா அடைச்சதும் குப்பைதான். கோடைல மாசம் ஒரு தடவ 34 ட்ரிப்பர், கழட்ட ஒரு மணி நேரம் மாட்ட ஒரு மணி நேரம். போன வருஷம் பாதி பைக்கு ட்ரிப்பரையே எடுத்துட்டு வெறும் 4 எம்எம் டியூப் விட்டுப் பாத்தேன், ஒவ்வொன்னுக்கும் குட்டி வால்வு போட்டு. அடைப்பு ரொம்ப கொறஞ்சுது, ஆனா முதல் பைக்கு கொட்டுது கடைசிக்கு சொட்டுது, ஒன்ன திருகினா இன்னொன்னு மாறுது, ஞாயித்துக்கிழமை பூரா அதுலயே போச்சு. திரும்பவும் ட்ரிப்பருக்கே வந்துட்டேன்.

நல்லதையும் சொல்லணும், இல்லாட்டி பொய்யாயிரும். முன்னாடி குடத்துல மோந்து மோந்து ஊத்தறப்ப நாளைக்கு நூறு லிட்டருக்கு மேல போகும், பாதி கீழ வழிஞ்சு மாடில ஓடும், இப்ப காலைல 40 நிமிஷம் சாயங்காலம் அரை மணி நேரம், 60 லிட்டர்ல முடிஞ்சிருது, ஒரு டிரம் மூணு நாள் வருது. மாடில ஈரம் நிக்கறதில்ல. வெண்டைக்கு சாம்பல் நோய் கொறைஞ்ச மாதிரி எனக்குத் தோணுது. முதல் வருஷம் குடும்பத்தோட மூணு நாள் திருச்செந்தூர் போயிட்டு வந்தோம், சித்திரை வெயில், வழி பூரா எனக்கு செடி ஞாபகம்தான். வீட்டுக்கு வந்து பொட்டியக்கூட வெக்காம மாடி ஏறினேன். புதினா பை தெரியாத அளவுக்கு நாலு பக்கமும் வழிஞ்சு நின்னுச்சு, தக்காளில ரெண்டு பழுத்திருந்துச்சு. அம்மா பின்னாடியே மூச்சு வாங்க வந்து நின்னு பாத்துட்டு ஒன்னும் சொல்லல, தக்காளிய பறிச்சு முந்தானைல போட்டுக்கிட்டாங்க. அந்த சந்தோஷத்துக்கு நான் எவ்வளவு வேணாலும் செலவு பண்ணுவேன். இப்பவும் காலைல ஆறு மணிக்கு அந்த டைமர் கிர்ர்னு திரும்பற சத்தம் கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும்.

ஆனா மச்சான், உனக்கு நான் சொல்றது, போடாத.

நீ காலைல எட்டு மணிக்கு கம்பெனிக்குப் போனா ராத்திரி ஒன்பதுக்கு வர்றவன். உங்க தண்ணி எங்க தண்ணிய விட உப்பு. சொட்டுநீர் போட்டா மாடி ஏறவே வேண்டாம்னு நெனச்சுத்தான் நீ கேக்கற, ஆனா இது இருந்தா தினமும் ஏறிப் பாக்கணும், ஒவ்வொரு பைலயும் வெரல் விட்டுப் பாக்கணும். அதுக்கு பத்து பை வெச்சு பூவாளில ஊத்து. ஊத்தறப்ப செடிய பாப்ப, பூச்சி கண்ணுல படும், வாடினா அன்னிக்கே தெரியும். எனக்கு தெரியல. அம்மாதான் காட்டினாங்க. "ஏஞ்சாமி, அந்த மொளகா தல சாஞ்சு நிக்குது, நீ பைப்பையே பாத்துட்டு இருக்கற"ன்னாங்க. அப்ப ரொம்ப லேட். கறிவேப்பிலை ரெண்டையும் இனிமே நான் பாத்துக்கறேன், அந்த டியூப எடுத்துருன்னுட்டாங்க, எடுத்துட்டேன், பைப் ஓட்டைய டம்மி மூடி போட்டு அடைச்சாச்சு. தினமும் அரிசி களஞ்ச தண்ணி சொம்புல கொண்டுபோய் ஊத்தறாங்க. மிச்சம் 32க்கும் என் வேலைக்கும் சொட்டுநீர்தான், நான் எடுக்கப் போறதில்ல, இன்னிக்கு ராத்திரி கூட ட்ரிப்பரெல்லாம் பக்கெட்டுல ஊறுது.

இவ்வளவு சொல்லியும் வேணும்னா அடுத்த மாசம் வர்றப்ப சொல்லு, தோப்புல இன்னும் அரைச் சுருள் பைப் இருக்குது, எடுத்துட்டு வர்றேன். டிரம்ம மட்டும் அவசரப்பட்டு வாங்கிறாத. உங்க ஊர்ல சாயப்பட்டறைக்கு கெமிக்கல் வந்த டிரம் மலிவா கெடைக்கும், எத்தன தடவ கழுவினாலும் அது சாப்பிடற செடிக்கு ஆகாது, உள்ள என்ன வந்துச்சுன்னு கேளு, சொல்லலேன்னா விட்டுட்டு வந்துரு. அப்புறம் தண்ணியோட 200 கிலோக்கு மேல வரும், மாடி நடுவுல வெக்காத, கீழ பீம் எங்க போகுதுன்னு உங்க மேஸ்திரிகிட்ட கேட்டு அதுக்கு மேல வெய்யி.