பெயர் இருந்தால் அகராதி, இல்லாவிட்டால்?

நந்தனம் புத்தகக் காட்சியில் கையிலிருந்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். ஒரு பக்கம், புராண, இலக்கியப் பெயர்களை அகரவரிசையில் விளக்கும் அபிதான சிந்தாமணி. மறு பக்கம் வேங்கடசாமி நாட்டார் உரையோடு சிலப்பதிகாரம். பழம்பாட்டில் ஒளிந்திருக்கும் புராணக் கதைகள் பிடிபட வேண்டும், அவ்வளவுதான் என் தேவை. சிலம்பை வாங்கினேன். இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

சிந்தாமணியைக் குறை சொல்ல வரவில்லை. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியாளாகத் தொகுத்து, 1910இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த நூல். முனிவரோ அசுரரோ, பெயரைச் சொன்னால் கதை கிடைக்கும். கைப்பேசித் தேடலும் அதே வேலைதான், எடை குறைவு.

சிக்கலே அந்தப் 'பெயரைச் சொன்னால்' என்பதில்தான். வழக்குரை காதையில் பாண்டியன் முன் தன் ஊரைச் சொல்ல வரும் கண்ணகி, 'புள்ளுறு புன்கண் தீர்த்தோன்' என்கிறாள். அடுத்து, 'அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்' என்கிறாள். பெயர் எங்கே? எந்த எழுத்தில் போய்த் தேடுவது? உரையைப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிகிறது: புறாவுக்காகத் தன் தசையை அரிந்த சிபி, கன்றை இழந்த பசுவுக்காக மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன். கணவனைக் கொன்ற அரசனிடம், பெற்ற மகனையே தண்டித்தவன் ஊர்க்காரி நான் என்கிறாள்! உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு, மெரினாவில் கண்ணகிக்கு. இரண்டையும் எத்தனையோ முறை பார்த்திருந்தும், அவன் இவளுடைய வாதத்துக்குச் சாட்சி என்பது உரை படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

உரையே இல்லாத இக்காலக் கதை என்றால் நிலைமை வேறு. புதுமைப்பித்தனின் 'சாப விமோசன'த்தில் அகலிகை என்று பெயரே இருக்கிறது. ஆனால் எந்த இராமாயணத்து அகலிகை? வான்மீகத்தில் அவள் காற்றை உண்டு, சாம்பலில், எவர் கண்ணுக்கும் படாமல் கிடக்கிறாள், கம்பனில்தான் கல். கதை முடிவில் அவள் மீண்டும் கல்லாவதன் கனம் தெரிய, நான் கம்பனிடமே போக வேண்டியிருந்தது.

கிரேக்கக் கதைகளில் என் அனுபவம் இரண்டு மூன்று மொழிபெயர்ப்பு நாவல்களோடு சரி. அடிக்குறிப்பு இல்லாத இடங்களில் கைப்பேசியே கைகொடுத்தது. அவற்றில் பெயர்கள் வெளிப்படையாகவே இருந்தன.

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் சிந்தாமணி மலிவாகக் கண்ணில் பட்டால் வாங்கிவிடுவேன். தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதுதான் பாடு.