சேஜ்மேனிஃபோல்ட்ஸ்: கருந்துளை மெட்ரிக்கைச் சோதிக்க ஓர் இலவசக் கருவி

மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் ‘ஒருமைப்புள்ளி (வளைவு முடிவிலியாகும் இடம்) இல்லாத கருந்துளை’ என்று அடிக்கடி ஒரு மெட்ரிக், அதாவது கால-வெளியில் தூரத்தை அளக்கும் வாய்பாடு, வெளியாகிறது. அதை நம்புமுன் வளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் முறை. காசில்லாமல் கிடைக்கும் கருவிகளில் அந்த வேலைக்கு எங்கள் முதல் தேர்வு சேஜ்மேனிஃபோல்ட்ஸ். பாரிஸ் வானாய்வகத்தைச் சேர்ந்த எரிக் கூர்குலோன் முன்னின்று உருவாக்கியது. சேஜ்மேத் என்ற இலவசக் கணித மென்பொருளின் 7.5 பதிப்பிலிருந்து அதனுள்ளேயே வருவதால் தனியாக நிறுவ வேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் கோண்டா என்ற மென்பொருள் நிறுவி வழியாகப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸ் என்றால் உள்ளே லினக்ஸ் துணையமைப்பு வேண்டும். சிறு கணக்குகளுக்கு உலாவியில் ஓடும் சேஜ்மேத்செல்லே போதும்.

வேலை நாலு படிதான்: லொரென்ட்சிய மேனிஃபோல்ட் (கால-வெளியைக் குறிக்கும் கணிதப் பரப்பு) ஒன்றை அறிவிக்க வேண்டும், ஆயங்களுக்கு வீச்சோடு சார்ட் (ஆய அமைப்பு) தர வேண்டும், மெட்ரிக்கின் உறுப்புகளை நிரப்ப வேண்டும், வளைவைச் சொல்லும் ரீமான் டென்சரைக் கேட்க வேண்டும். உறுப்புகளின் எண் 0-இலிருந்து தொடங்கும். முதலில் சுழலாத கருந்துளைக்கான ஸ்வார்ட்ஸ்சைல்ட் மெட்ரிக்கைப் போட்டுப் பாருங்கள். மெட்ரிக்கின் வகைக்கெழுக்களால் ஆன கிறிஸ்டோஃபெல் குறியீடுகளைக் காட்டச் சொன்னால் பூச்சியமல்லாதவை, திரும்ப வராதவை என 9 மட்டுமே வர வேண்டும். கிரெட்ச்மன் அளவு (ரீமான் டென்சரின் வர்க்கம்; ஆயங்களைச் சாராத வளைவு எண்), ஈர்ப்பு மாறிலியையும் ஒளிவேகத்தையும் 1 என்று கொண்டால், 48 × நிறை² ÷ ஆரம்⁶ என்று வந்தால் அமைப்பு சரி.

அடுத்து 2006-இல் ஹேவர்ட் தந்த மெட்ரிக். ஸ்வார்ட்ஸ்சைல்டில் 1 − 2 × நிறை ÷ ஆரம் என்றிருக்கும் இடத்தில் இங்கே 1 − 2 × நிறை × ஆரம்² ÷ (ஆரம்³ + 2 × நிறை × நீளம்²). நீளம் என்பது இந்த மெட்ரிக்கின் ஒரு மாறிலி. மையத்தில் கிரெட்ச்மன் அளவு 24 ÷ நீளம்⁴ என்று முடிவுள்ள எண்ணாக வருகிறது. பலர் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கருவியின் உண்மையான பலன் இதற்கு அப்புறம்தான். ரிச்சி ஸ்கேலரை (வளைவைச் சுருக்கிச் சொல்லும் ஒற்றை எண்) மையத்தருகே டெய்லர் தொடராக விரித்தால், 12 ÷ நீளம்² என்ற மாறிலிக்குப் பிறகு ஆரத்தின் மூன்றாம் அடுக்கு வருகிறது. ஒற்றைப்படை அடுக்கு மையத்தில் வழுவழுப்பாக இருக்காது என்பதால் அது வில்லங்கம். டலாம்பேர்ஷியன் செயலியை (கால-வெளியில் எடுக்கும் இரண்டாம் வகைக்கெழு) அதன்மேல் ஒருமுறை போட்டால் விடை மையத்தில் பூச்சியத்தை நோக்கிப் போகும். இரண்டாம் முறை போட்டால் −504 ÷ (நிறை × நீளம்⁴ × ஆரம்) என்று வெடிக்கும். உயர் வகைக்கெழுக்கள் நுழையும் ஈர்ப்புக் கோட்பாடுகளில் இந்த அளவுகளே செயலிலும் (ஆக்‌ஷன்; கோட்பாட்டின் சமன்பாடுகள் பிறக்கும் மூலக்கோவை) களச்சமன்பாட்டிலும் வரக்கூடும் என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. 1968-இல் பார்டீன் தந்த மெட்ரிக்கில் இரட்டைப்படை அடுக்குகள் மட்டுமே இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. இரண்டையும் அருகருகே ஓட்டிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

தவறும் இடங்கள் சில. நிறை, நீளம் ஆகியவை நேர் எண்கள் என்று ‘அஸ்யூம்’ கட்டளையால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லையேல் எல்லை (லிமிட்) காணும்போது, உள்ளிருக்கும் மேக்ஸிமா என்ற இயற்கணித மென்பொருள் இந்த மாறி நேரா எதிரா பூச்சியமா என்று கேட்டுப் பிழையோடு நின்றுவிடும். சுழலும் மெட்ரிக் என்றால் சுருக்கும் வேலைக்கே வெகுநேரம் பிடிக்கும்; பாரலலிசம் அமைப்பில் கோர்களின் எண்ணிக்கையைக் கொடுங்கள், அப்படியும் நகராவிட்டால் கணக்கு முறையை சிம்பை என்ற பைத்தான் நூலகத்துக்கு மாற்றிப் பாருங்கள். மெட்ரிக்கின் குறிமுறை (நேரத்துக்கும் வெளிக்கும் வரும் கூட்டல்-கழித்தல் குறிகள்) இயல்பாக ஒரு கழித்தல், மூன்று கூட்டல். கட்டுரை வேறு குறிமுறையில் இருந்தால் முதல் வரியிலேயே மாற்றிவிட வேண்டும்.

இவற்றைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சேஜ்மேனிஃபோல்ட்ஸில் சகமாறு வகைக்கெழுவின் (வளைவைக் கணக்கில் கொள்ளும் வகைக்கெழு) குறியீடு (இன்டெக்ஸ்) கடைசி இடத்தில் உட்காரும். ஜேக்கப்சனும் மாட்டிங்லியும் 2001-இல் முன்வைத்த ஐன்ஸ்டீன்-ஈதர் கோட்பாட்டில் ஈதர் வெக்டர் (ஒவ்வொரு புள்ளியிலும் நேரத்திசையைக் காட்டுவது) அலகு நீளம் கொண்டது. அதன் முடுக்கத்தைக் கணக்கிடும்போது வெக்டரைத் தவறான இடத்தோடு சுருக்கினால் விடை எப்போதும் பூச்சியம். பிழைச் செய்தி எதுவும் வராது. செயலில் நான்காம் மாறிலி பெருக்கும் முடுக்க உறுப்பு முழுவதும் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். எந்த இடத்தைச் சுருக்குகிறோம் என்பதைக் குறியீட்டு எழுத்துகளோடு எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

செயலிலிருந்து களச்சமன்பாட்டை வருவிக்க இதை எதிர்பார்க்க வேண்டாம். கூறுகளை வைத்துக் கணக்கிடும் கருவி இது. கூறுகளாகப் பிரிக்காமல் குறியீடுகளோடேயே செய்யும் அரூபக் குறியீட்டு வேலைக்கு கடாப்ரா உண்டு, அதுவும் இலவசம். எக்ஸ்ஆக்ட் அதில் இன்னும் வல்லது, ஆனால் கட்டணம் செலுத்தி மேத்தமேட்டிகா வைத்திருக்க வேண்டும். டைலட்டன் என்ற ஸ்கேலர் புலத்தோடு காஸ்-போனே உறுப்பு (வளைவின் வர்க்கங்களின் சேர்க்கை) சேரும் கோட்பாட்டில் கருந்துளைத் தீர்வு பொதுவாக எண்வழியில்தான் கிடைக்கும். அங்கே சமன்பாடுகளின் கூறுகளை இதில் எழுதி வாங்கிக்கொண்டு, தொகையீட்டை சைபை என்ற எண்கணக்குப் பைத்தான் நூலகத்தில் ஓட்டுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.