அண்ணா நாலா, கோ 43-ஆ, சித்திரைக்காரா? கடலோர வயலுக்கு ஒரு நெல் கணக்கு

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில், தேவிபட்டினத்துக்கும் உப்பூருக்கும் இடையில் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம். ஒன்று கண்மாய் மடைக்குக் கீழே, இன்னொன்று கடலைப் பார்த்துக் கிடப்பது. நடந்தால் பத்து நிமிடம்தான். ஆனால் ஒரே நெல்லை இரண்டிலும் போட்ட வருடம் ஒன்றில் அறுத்தோம், மற்றதில் ஆடு மேய்ந்தது. அதிலிருந்து ரகம் எது என்று யாராவது கேட்டால், எந்தத் துண்டுக்கு என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புரியச் சற்று நேரமாகும். இங்கே நாற்றங்கால், நடவு எல்லாம் குறைவு. ஆவணியில் உழுது போட்டு, புரட்டாசியில் காய்ந்த மண்ணிலேயே விதையைத் தூவிவிடுவோம். புழுதி விதைப்பு. முதல் நல்ல மழை எப்போது வருகிறதோ அப்போது முளைக்கும். வானம் பார்த்த பூமி என்று சும்மா சொல்லவில்லை. இப்படி முளைத்த பயிருக்கு இரண்டு கண்டம் உண்டு. முளைத்த பதினைந்து நாளில் மழை நின்றுபோனால் அடிமண்ணின் உப்பு மேலே ஏறும். காலையில் பார்த்தால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்திருக்கும், இளம்பயிரின் நுனி வெளுத்துச் சுருளும். அதைத் தாண்டினால் பூக்கும்போது தண்ணீர் இருக்க வேண்டும். இல்லையென்றால் கதிர் நிமிர்ந்தே நிற்கும், கையில் உருவினால் வெறும் பதர். சாவி போய்விட்டது என்போம்.

எந்த ரகத்தையும் நான் இந்த இரண்டு கண்டத்தில்தான் நிறுத்திப் பார்ப்பேன்.

முதலில் அண்ணா (ஆர்) 4. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 2009-இல் வெளியிட்டது. எங்கள் மாவட்ட மண்ணைப் பார்த்தே உருவாக்கியது. அதற்கு முன்பு அங்கிருந்து பி.எம்.கே. 1, 2, 3 என்று வரிசையாக வந்தன. அண்ணா நாலின் பெரிய பலம் வயது, 100 முதல் 105 நாள். அக்டோபர் நடுவில் முளைத்தது என்று வையுங்கள். ஜனவரி கடைசியில் அறுப்பு. பூப்பது அதற்கு ஒரு மாதம் முன்னால், அதாவது டிசம்பர் கடைசியில். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்போது இன்னும் வயலில் இருக்கும். வெளியீட்டுக் கணக்கில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 3.7 டன், ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 1500 கிலோ. மானாவாரிக்கு இது நல்ல விளைச்சல்தான். ஆனால் இது வறட்சிக்காகத் தேர்ந்தெடுத்த நெல். கடலோரத் துண்டில் போட்ட வருடம், உப்புப் பூத்த இடமெல்லாம் சொட்டையாகிப்போனது.

கோ 43 இதற்கு நேர் எதிர். 1980-களின் தொடக்கத்தில் கோவையிலிருந்து வந்த பழைய ரகம். உப்பைத் தாங்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால் வயது 135 முதல் 140 நாள். அதே அக்டோபர் நடுவிலிருந்து எண்ணினால் பூப்பது பிப்ரவரித் தொடக்கத்தில். அப்போது எங்கள் கடலோரத் துண்டில் மண் வெடித்துக் கிடக்கும். முதல் கண்டத்தைத் தாண்டி இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும் நெல். கண்மாய் நிரம்பிய வருடத்தில் மடையோரம் போடலாம், ஆனால் மடையோரத்தில் உப்பே இல்லையே!

டி.ஆர்.ஒய். 1 பற்றியும் கேட்பார்கள். ஒரு விதைக்கடையில் எனக்கே "கடலோரத்துக்குன்னே வந்த ரகம்" என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். அது 1995-இல் திருச்சியில், களர் நிலத்துக்காக வந்தது. களர் வேறு, உவர் வேறு. களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணையே இறுக்கிவிடும்; ஜிப்சம் போட்டுத்தான் இளக்க வேண்டும். எங்களுடையது உவர், சாப்பாட்டு உப்பு மாதிரி. நல்ல மழை பெய்து தண்ணீர் வடிந்தால் கரைந்து போய்விடும். டி.ஆர்.ஒய். 1-இன் வயதும் 140 நாளை ஒட்டித்தான். ஆக, அதே பிப்ரவரிப் பிரச்சினை.

அப்புறம் நாட்டு ரகங்கள். சித்திரைக்கார், பூங்கார், நொறுங்கன், குழியடிச்சான். இயற்கை விவசாய மேடைகளில் பேசுவது போல இவை எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். விளைச்சல் குறைவு. பயிர் உயரம், கார்த்திகைக் காற்றில் படுத்துவிடும். படுத்த பயிரில் அறுவடை மெஷின்காரர் மணிக்கணக்கைக் கூட்டிவிடுவார். ஆனால் கடலோரத் துண்டில் மழை தவறிய வருடமும் விதைநெல்லாவது தந்தது குழியடிச்சான்தான். என் மாமா சொல்வார்: "மாப்ள, அண்ணா நாலு நல்ல வருசத்துல சிரிக்கும். இது கெட்ட வருசத்துல அழாது." சித்திரைக்கார் சிவப்பரிசி, அதன் நீராகாரத்துக்குப் பழகிய வயிறு வெள்ளையரிசிக் கஞ்சியைக் கஞ்சி என்றே ஒத்துக்கொள்ளாது. அது என் வயிற்றுக் கட்சி, விட்டுவிடுங்கள்.

அண்ணா நாலின் வயதும் குழியடிச்சானின் தாங்கும் சக்தியும் ஒரே நெல்லில் வராதா? வழி இருக்கிறது. கேரளக் கடலோரத்துப் பொக்காளி நெல்லில் சால்டால் என்ற மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது இளம்பயிருக்குள் சோடியம் ஏறாமல் மட்டுப்படுத்தி, பொட்டாசியத்தைக் காப்பாற்றுகிறது. விரும்பிய ரகத்தோடு கலப்புச் செய்து, அதே ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்து, அந்த ஒரு துண்டை மட்டும் உள்ளே கொண்டுவந்துவிடலாம். ஆனால் சால்டால் காப்பது இளம்பயிர்ப் பருவத்தை. பூக்கும்போது உப்பைத் தாங்குவதற்கு வேறு மரபணுக்கள் வேண்டும். எங்களுக்கு அது பெரிய குறையில்லை என்பது என் எண்ணம். பூக்கும் காலத்துக்குள் மழை உப்பைக் கழுவியிருக்கும், அப்போது வேண்டியது ஈரம்தான். அதனால் 105 நாள் வயதுள்ள நெல்லில் சால்டாலை ஏற்றினாலே எங்கள் பக்கத்துக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. நீண்ட வயது ரகத்தில் ஏற்றிக் கொடுத்தால் கோ 43 கதைதான் மறுபடியும்.

இன்னொன்று, சோதனை வயலை எங்கே போடுகிறார்கள் என்பது. ஆராய்ச்சி நிலைய வளாகத்துக்குள் போர்வெல் தண்ணீர் உண்டு. புழுதியில் விதைத்து, மழைக்கு மூன்று வாரம் காத்திருந்து, எறும்பும் எலியும் தின்றது போக மிச்சம் முளைக்கிற வயலில் பார்த்தால்தான் எங்களுக்குக் கணக்கு சரிப்படும்.

இந்த வருடம் மடைக்குக் கீழே அண்ணா நாலு. கடலோரத்தில் முக்கால்வாசி குழியடிச்சான், வடக்கு ஓரம் கொஞ்சம் சித்திரைக்கார். விதை மாமா வீட்டுக் குதிரிலிருந்து வந்தது. மரக்காலுக்கு ஒன்றரை மரக்காலாகத் தை மாதம் திருப்ப வேண்டும்.