புரானோவா, புரூஜா, இத்ரியாவா? கையால் பின்னிய லேஸைத் தேடிப் போகிறவருக்கு எந்த ஊர்?

கைவேலை மேல் பிரியமுள்ளவர்கள் ஐரோப்பாவுக்குப் போகத் திட்டம் போட்டால், லேஸ் என்றதும் முதலில் வாயில் வரும் பெயர் புரானோ. வெனிஸுக்குப் பக்கத்துத் தீவு. அடுத்தது பெல்ஜியத்தின் புரூஜ். ஸ்லோவேனியாவில் இருக்கும் இத்ரியாவின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் வரிசையைத் தலைகீழாக்கிவிடுவேன்: இத்ரியா முதலில், புரூஜ் அடுத்து, புரானோ கடைசியில். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பழைய லேஸ் மூன்று ஊரிலும் அழகுதான். ஆனால் இன்றைக்கு அதை யார் பின்னுகிறார்கள், நம் கண்ணெதிரே பின்னுகிறார்களா, அடுத்த தலைமுறை அதைக் கற்கிறதா என்று பார்த்தால் மூன்றும் ஒன்றல்ல.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஊருக்கு ஊர் வேலையே வேறு. கைலேஸில் பெரிய வகைகள் இரண்டு. ஒன்று ஊசி லேஸ். ஒரு ஊசி, ஒரு நூல், அவ்வளவுதான். டிசைன் வரைந்த தாளைத் துணி மேல் வைத்து, கோடுகளின் மேல் நூலைப் படுக்கவைத்து இழையோட்டிக்கொள்வார்கள். பிறகு அந்த நூலைப் பிடிமானமாக வைத்து, சட்டைக்குக் காஜா எடுக்கும் அதே தையலை நெருக்கமாகப் போட்டு இடைவெளிகளை நிரப்புவார்கள். எல்லாம் முடிந்ததும் அடியில் பிடித்திருக்கும் இழைகளை அறுத்தால், துணி எதுவும் இல்லாமல் தையல் மட்டும் தனியே கையில் வரும். புரானோவும் பிரான்சின் அலான்சோனும் இந்த வகை.

இன்னொன்று பாபின் லேஸ். இதில் ஊசிக்கு வேலையே இல்லை. கெட்டியான தலையணை, அதன் மேல் துளையிட்ட டிசைன் அட்டை, குண்டூசிகள், நூல் சுற்றிய மரக்குச்சிகள். அந்தக் குச்சிகள்தான் பாபின்கள். புரூஜும் இத்ரியாவும் இந்த வகை.

பயணியாகப் போய்ப் பார்ப்பதற்கு இரண்டில் எது நல்லது என்றால், தயங்காமல் பாபின் லேஸ் என்பேன். ஊசி லேஸ் பின்னுகிறவர் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றாலும் பார்த்த இடம் அப்படியேதான் இருக்கும். வேலை அவ்வளவு நுணுக்கம். பாபின் லேஸ் அப்படியில்லை, நடப்பது கண்ணுக்குத் தெரியும். பின்னுகிறவர் இரண்டு ஜோடி பாபின்களைக் கையில் எடுப்பார். நடுவில் இருக்கும் இரண்டையும் குறுக்கே மாற்றுவார், பிறகு ஒவ்வொரு ஜோடியையும் முறுக்குவார். துளையில் ஒரு குண்டூசியைக் குத்திவிட்டு அடுத்த ஜோடிக்குப் போவார். மாற்றுவது, முறுக்குவது என்ற இந்த இரண்டே அசைவுதான் எல்லா டிசைனுக்கும் ஆதாரம். இலை, பூ, வலை எல்லாம் இந்த இரண்டை எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதிலிருந்து வருகிறவை. மரம் மரத்தில் மோதும் சத்தம் ஓயாமல் கேட்கும். ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கணக்கு பிடிபட ஆரம்பிக்கும். இன்னும் கொஞ்சம் நின்றால் நாமும் உட்கார்ந்து பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும்.

இப்போது புரானோ. பெருமைக்குக் குறைவில்லாத ஊர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய அரசவைகள் போட்டி போட்டு வாங்கியது வெனிஸ் லேஸை. பிறகு அந்தத் தொழில் அழிந்துபோகும் நிலைக்கு வந்தது. 1872இன் கடுங்குளிரில் மீன்பிடித் தொழில் முடங்கித் தீவே பட்டினியில் வாடியபோது, பழைய வேலையை நினைவில் வைத்திருந்த ஒரு மூதாட்டியிடமிருந்து அதை மீட்டெடுத்து ஒரு லேஸ் பள்ளி தொடங்கினார்கள். சுமார் நூறு வருடம் நடந்து, 1970 வாக்கில் பள்ளி மூடப்பட்டது. 1981 முதல் அதே கட்டிடத்தில் லேஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இருக்கும் பழைய துண்டுகளைப் போல வேறெங்கும் பார்ப்பது கஷ்டம். வயதான பெண்கள் சிலர் அங்கேயே உட்கார்ந்து பின்னுவதையும் பல நாட்களில் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஒரே துண்டு ஏழெட்டுப் பெண்களின் கைமாறித்தான் முடியும். ஒருத்திக்கு ஒரு தையல் மட்டும்தான் வேலை. அந்தச் சங்கிலியில் இப்போது எத்தனையோ கண்ணிகள் இல்லை.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்ததும் நிலைமை மாறிவிடும். வண்ண வண்ண வீடுகள், தெரு நெடுகக் கடைகள், கடை நிறைய லேஸ் குடைகள், மேசை விரிப்புகள். அவற்றில் பெரும்பாலானவை அந்தத் தீவில் பின்னியவை அல்ல. மெஷினில் செய்தவை, இல்லாவிட்டால் வேறு நாட்டிலிருந்து வந்தவை. உண்மையான புரானோ லேஸ் சில கடைகளில் உண்டு. ஆனால் அது மாதக்கணக்கான உழைப்பு, சாதாரணப் பயணியின் கைக்கு எட்டாது. அதனால் புரானோவுக்குப் போனால் பார்க்கப் போங்கள், வாங்கப் போகாதீர்கள். வெனிஸின் ஃபொந்தமெந்தே நோவே துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

புரூஜின் கடைத்தெருவிலும் இதே கதைதான். சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் மெஷின் லேஸும் இறக்குமதி லேஸும் குவிந்து கிடக்கின்றன. ஆனால் நடந்தே போகும் தூரத்தில், பழைய கன்னியர் மடத்து லேஸ் பள்ளிக் கட்டிடத்தில், கான்ட்சென்ட்ரும் என்ற லேஸ் மையம் இருக்கிறது. புரூஜை புரானோவுக்கு மேலே வைக்கச் சொல்வது இந்த ஒரு இடம்தான். பிற்பகல்களில் உள்ளூர்ப் பெண்கள் தலையணையும் கையுமாக வரிசையாக உட்கார்ந்து பின்னுவார்கள். கிட்டப் போய்ப் பார்க்கலாம், கேட்கலாம், பதில் சொல்வார்கள். வகுப்புகளும் நடக்கின்றன. நுணுக்கமான டிசைன் என்றால் ஒரே தலையணையில் நூற்றுக்கு மேற்பட்ட பாபின்கள் விசிறி போல விரிந்து கிடக்கும். அவற்றில் சரியான ஜோடியை அந்த விரல்கள் தேடாமலே எடுப்பதைப் பார்க்க வேண்டும்! அருங்காட்சியகப் பகுதி இன்னொன்றையும் யோசிக்க வைக்கும்: புரூஜ் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் லேஸ் புகழுக்குப் பின்னால், மடத்துப் பள்ளிகளில் சின்ன வயதிலேயே வேலைக்கு உட்கார்ந்த ஏழைப் பெண் குழந்தைகளும் அவர்களுக்குக் கிடைத்த சொற்பக் கூலியும் இருக்கின்றன.

சரி, இத்ரியாவுக்கு வருவோம். ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவிலிருந்து பேருந்தில் சுமார் ஒரு மணி நேரம். மலைகளுக்கு நடுவே ஒரு சுரங்க ஊர். பாதரசம் எடுத்தார்கள், உலகிலேயே இதைவிடப் பெரிய பாதரசச் சுரங்கம் ஸ்பெயினின் அல்மதேன் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. ஆண்கள் சுரங்கத்துக்குள் இறங்க, பெண்கள் வீட்டில் லேஸ் பின்னினார்கள். சுரங்கக் கூலி போதாத வீடுகளில் அடுப்பு எரிந்தது பாபின்களால்தான். 1876இல் இங்கே ஒரு லேஸ் பள்ளி தொடங்கினார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. என் வரிசையில் இத்ரியா முதலிடத்தில் இருப்பதற்கு இதுவே காரணம். ஊர்ப் பிள்ளைகள், பையன்களும் சேர்த்து, சாதாரணப் பள்ளி முடிந்த பிறகு இங்கே வந்து பாபின் பிடிக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் பாபின் லேஸ் கலை 2018இல், கலை மரபுகளுக்கென்று யுனெஸ்கோ வைத்திருக்கும் தனிப் பட்டியலில் சேர்ந்தபோது, மறைந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குக் கொடுத்த அங்கீகாரமாக அது இல்லை. தினம் நடக்கிற வேலைக்குக் கிடைத்தது.

இத்ரியா லேஸைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். குறுகலான நாடா ஒன்று வளைந்து வளைந்து போய்த் தன்னோடு தானே சேர்ந்து டிசைனாகும். அதனால் குறைந்த ஜோடிகளே போதும், கற்பதும் எளிது. புரூஜின் நுண்ணிய லேஸோடு ஒப்பிட்டால் இது கொஞ்சம் தடிமன் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. துவைத்துப் புழங்கலாம், பீரோவில் பூட்டி வைக்க வேண்டியதில்லை. ஊரின் பழைய கோட்டையில் நல்ல லேஸ் கண்காட்சி உண்டு. ஜூனில் லேஸ் திருவிழா நடக்கும். ஊரே தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். குறை என்றால் ஒன்றுதான்: வெனிஸ், புரூஜ் மாதிரி வேறு காரணத்துக்காகப் போகும் வழியில் இது வராது. லேஸுக்கென்றே போக வேண்டும்.

இந்த மூன்றுக்கும் வெளியே அலான்சோனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெனிஸ் லேஸுக்காகப் பிரெஞ்சுப் பணம் வெளியே ஓடுவதைத் தடுக்க, 14ஆம் லூயியின் அமைச்சர் கொல்பேர் 1665இல் அரச லேஸ் தொழிலகங்களை ஏற்படுத்தினார். அதில் தழைத்தது இந்த ஊர். அலான்சோன் ஊசி லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். தபால்தலை அளவில் ஒரு துண்டு என்றால் பல நாள் உழைப்பு. முழுத் தேர்ச்சி பெற ஏழு முதல் பத்து வருடம். கடைசி வேலை என்ன தெரியுமா? நிரப்பிய பகுதிகளை லாப்ஸ்டர் கொடுக்கின் நுனியால் தேய்த்து மெருகேற்றுவது. 2010இல் இதையும் யுனெஸ்கோ ஏற்றது. கத்தோலிக்கப் புனிதர் குழந்தை தெரேசாவின் தாய் செலி மார்த்தன் இந்த ஊரில் லேஸ் தொழில் நடத்தியவர்தான். ஊசி லேஸின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் புரானோவை விட அலான்சோன் மேல். கலை தெரிந்தவர்களை அரசே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் தேசியப் பட்டறை 1976 முதல் இங்கே இருக்கிறது.

குரோஷியாவின் பாக் தீவும் ஹ்வார் நகரமும் கடல் வழியாகச் சுற்றுகிறவர்களுக்கு. ஹ்வாரில் பெனடிக்ட் சபைக் கன்னியர்கள் மட்டும், கற்றாழை மடலிலிருந்து உருவிய நாரில் பின்னுகிறார்கள். பாக் தீவில் வயதான பெண்கள் ஊசி லேஸ் வகுப்பு எடுக்கிறார்கள்.

சைப்ரஸின் லெஃப்கரா கிராமம் வேறு கணக்கு. அங்கே செய்வதை லேஸ் என்று விற்றாலும், கண்டிப்பாகச் சொன்னால் அது லினன் துணியில் இழைகளை உருவியும் வெட்டியும் செய்யும் பூத்தையல். லியனார்டோ டாவின்சி வந்து வாங்கிப் போனார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள், கதையாகவே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் விரித்துப் புழங்க ஒன்றை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், இத்ரியாவுக்கு அடுத்து நான் இதைத்தான் சொல்வேன். சந்துகளில் வாசலில் உட்கார்ந்து தைக்கும் பெண்களைப் பார்க்கலாம். பக்கத்திலேயே வெள்ளிக் கம்பி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள்.

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா லேஸுக்கு அயர்லாந்தின் குளோன்ஸ், ஆந்திரத்தின் நரசாப்பூர் இரண்டையும் சொல்வேன். இரண்டிலும் வறுமைக் காலத்தில் மிஷனரிகளும் பாதிரியார் குடும்பங்களும் தொடங்கிவைத்த வேலை. உண்மையான குரோஷாவை மெஷினில் செய்ய முடியாது என்பதை வாங்குகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அது மிக மலிவாகக் கிடைத்தால் போலி என்று அர்த்தமில்லை. பின்னிய பெண்ணுக்குக் கூலி சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். எனவே நரசாப்பூரில் தரகரைத் தாண்டிப் பின்னுகிறவர்களின் குழுவிடம் நேராக வாங்க வழி கிடைத்தால் அதையே செய்யுங்கள்.

அப்புறம், கடையில் நிற்கும்போது மெஷின் லேஸை எப்படிக் கண்டுபிடிப்பது? கையடக்க உருப்பெருக்கி ஒன்று போதும். பாபின் லேஸில் கெட்டியான பகுதியைப் பாருங்கள். கையால் பின்னியது என்றால் இழைகள் நெய்த துணி போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கித் தெளிவாகப் போகும். மெஷின் லேஸில் ஒரே திசையில் மெல்லிய வரிகள் ஓடும், நூல்கள் ஒன்றையொன்று இறுக்கிச் சுற்றியிருக்கும். ஊசி லேஸைப் போல ஏமாற்றுவது கெமிக்கல் லேஸ்: கரையும் துணி மேல் மெஷின் எம்பிராய்டரி போட்டு, துணியைக் கரைத்துவிடுவார்கள். அதன் ஓரங்களில் பிசிறு தட்டும், காஜா தையல் தெரியாது. நடுவில் ஒரு வகையும் உண்டு: மெஷின் நாடாவை வளைத்து, இடைவெளியை மட்டும் கையால் நிரப்புவது. ‘கைவேலை’ என்று அதை விற்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

கண்ணை விட நம்பகமானது கேள்வி. இதை யார் பின்னியது, எந்த ஊர், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். உண்மையாகவே பின்னுகிறவரிடம் கேட்டால் பேச்சு நிற்காது. டிசைனை எடுத்துக் காட்டுவார், எந்த இடம் கஷ்டம் என்று விரல் வைத்துக் காட்டுவார். ‘எல்லாம் கைவேலைதான்’ என்று மட்டும் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெரிய மேசை விரிப்பை விடச் சின்ன ஒரு பூவோ புத்தகக்குறி அளவில் ஒரு நாடாவோ வாங்குவது நல்லது. உண்மையான வேலைக்கு உரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுக்க முடியும். வாங்கியதை மடிக்காமல், வெள்ளைப் பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி எடுத்து வாருங்கள். மடித்தால் மடிப்பு விழுந்த இடத்தில்தான் நூல் முதலில் இற்றுப்போகும்.